மனோதர்மத்துக்குப் பாடத்திட்டம் உண்டா?

எட்டு வருடம் வயலின் கற்ற பெண் நவராத்திரிக் கொலுவில் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். வர்ணம் இரண்டு காலத்திலும் பேசும். கிருதிகள் இருபது, முப்பது கைவசம் இருக்கும். “மோகனத்தில் பாட்டு வாசித்தாயே, அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் ராகம் வாசியேன்” என்று விஷயம் தெரிந்த மாமா ஒருவர் கேட்டுவிட்டால் போச்சு, வில் அந்தரத்தில் நின்றுவிடும். “ராகம் இன்னும் டீச்சர் ஆரம்பிக்கலை மாமா” என்று பதில் வரும். மயிலாப்பூரில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் கிளீவ்லாந்திலும் இதே கதைதான்.

கர்நாடக இசையில் பாடம் பண்ணியதை வாசிப்பது கல்பிதம். அந்தந்த நேரத்தில் உண்டாக்கி வாசிப்பது மனோதர்மம். ராக ஆலாபனை, தானம், நிரவல், கற்பனை ஸ்வரம், பல்லவி, தாள வாத்தியக்காரரின் தனி ஆவர்த்தனம் எல்லாம் இரண்டாவதில் அடக்கம். கச்சேரியின் கனமான பகுதி அதுதான். ஒரே கிருதியை வாசிக்கும் இரண்டு வித்வான்களில் யார் எவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிவதும் அதனால்தான். ஆனாலும் பெரும்பாலான வகுப்புகளில் நேரம் முழுவதையும் கல்பிதமே எடுத்துக்கொள்கிறது. காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். “அது கொடுப்பினை, சொல்லிக்கொடுத்து வராது” என்பது ஒன்று. “நூறு கிருதி பாடமாகட்டும், தானே வரும்” என்பது மற்றொன்று. நூறு கிருதி பாடமாகியும் வராதவர்கள் ஊர் நிறைய இருப்பதால் இரண்டாவது பதிலை அப்படியே ஏற்க முடியவில்லை. முதல் பதிலை இசையின் வரலாறே மறுக்கிறது.

பாடமுறையை வகுத்தவர்கள் விவரமானவர்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்ற படிக்கட்டைப் புரந்தரதாசர் (1484–1564) அமைத்ததாக மரபு சொல்கிறது. தொடக்கத்துக்கு மாயாமாளவகௌளை ராகத்தை எடுத்துக்கொண்டதில் நுட்பம் இருக்கிறது. ச ரி க ம என்ற கீழ்ப்பாதியில் உள்ள அதே இடைவெளிகள் ப த நி ச என்ற மேல்பாதியிலும் வருகின்றன. நம் வயலினில் தந்திகளைச் ச, ப என்று மாற்றி மாற்றிச் சுருதி கூட்டுகிறோம். எனவே ச தந்தியில் விரல்கள் விழும் அதே இடங்களில் ப தந்தியிலும் விழும். பாதி ராகத்தைப் பழகினால் முழு ராகமும் கைக்கு வந்துவிடுகிறது.

ஜண்டை வரிசையும் தாட்டு வரிசையும் அலங்காரமும் விரலுக்கு மட்டுமான பயிற்சிகள் அல்ல. மேடையில் விழும் கற்பனை ஸ்வரத்தைக் கூர்ந்து கேட்டால் அதற்குள் இந்த வரிசைகள்தான் முறிந்தும் திரும்பியும் கலந்தும் ஓடிக்கொண்டிருக்கும். கச்சாப்பொருளை முதல் வருடமே மாணவர் கையில் கொடுத்துவிடுகிறோம். “இதையே மோகனத்தில் போட்டுப் பார், நீயாக இரண்டு சேர்த்துப் பார்” என்று சொல்வதை மட்டும் பத்து வருடம் தள்ளிவைக்கிறோம்.

இன்னும் நல்ல உதாரணம் சியாமா சாஸ்திரியின் (1762–1827) பைரவி ஸ்வரஜதி. அதன் சரணங்கள் எட்டும் ச, ரி, க, ம, ப, த, நி, மேல் ச என்று ஒவ்வொரு ஸ்வரமாக ஏறித் தொடங்குகின்றன. பைரவியை எந்தப் படியிலிருந்து எப்படிப் பிடிக்கலாம், எங்கே நிற்கலாம், எப்படி இறங்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆலாபனைப் பாடம் கிடையாது. ஆனால் அதை நடத்துபவர்களில் எத்தனை பேர் அந்த எட்டுத் தொடக்கங்களையும் தனியே எடுத்து, “இந்த இடத்திலிருந்து நீ ஒரு பிடி வாசி” என்று மாணவரிடம் கேட்கிறார்கள்? எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் ராகத்துக்கு ராகம் இலக்கணமும் உருப்படிகளும் இருப்பதோடு, ராகம் எப்படி நடமாடும் என்று காட்டும் சஞ்சாரிகளும் ஸ்வரப்படுத்தி அச்சாகியிருக்கின்றன. ராக விரிவைக் காகிதத்திலேயே காட்டிப் புரியவைக்கலாம் என்று தீட்சிதர் பரம்பரையின் பெரியவரே நம்பியிருக்கிறார். கொடுப்பினை வாதிகள் அந்த நூலை ஒருமுறை புரட்டுவது நல்லது.

காகிதம் ஒரு பக்கம் இருக்க, காதுதான் இந்த வித்தையின் பெரிய வாசல். ஆந்திரத்துப் பாலக்கொல்லுவில் பிறந்த மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) கற்ற விதம் இதற்குச் சரியான சான்று. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். வாய்ப்பாட்டுக்காரர். மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதை வாத்தியத்தில் தேடிப் பிடித்து வாசிப்பான். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்ல ஆளில்லாததால், கேட்ட கமகத்தை எப்படியாவது தந்தியில் கொண்டுவரும் பொறுப்பு பையனுடையது. மேற்கத்திய மாண்டலினின் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஒற்றைத் தந்தி மின்சார மாண்டலினுக்கு அவர் போனதும் அந்தத் தேடலின் விளைவே. குரு மாண்டலின் வித்வானாக இருந்திருந்தால் ஸ்ரீனிவாஸ் அவரது நகலாக நின்றிருக்கவும் கூடும்.

வடக்கே இதே கதை இன்னொரு விதமாக நடந்தது. மைஹரின் அலாவுதீன் கானுடைய மகள் அன்னபூர்ணா தேவி (1927–2018) வாசித்தது சுர்பகார். அவரிடம் வந்து கற்றவர்களில் ஒருவர் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. தந்தி வாத்தியக்காரர் குழல்காரருக்கு எதைக் கற்றுக்கொடுக்க முடியும்? பாடிக்காட்டினார். அமெரிக்காவில் ஜாஸ் பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ (1919–1978) வைத்திருந்த முறையும் இதுவே. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் போன்றவர்களின் இசைத்தட்டுகளைக் கொடுத்து, அவற்றில் உள்ள தனி வாசிப்புகளை முதலில் வாயால் பிசிறில்லாமல் பாடிக்காட்டச் சொல்வார். வாத்தியத்தைத் தொடுவது அதற்கப்புறம். தஞ்சாவூர் மிருதங்க வாத்தியார் சொற்கட்டை வாயால் சொல்லவைத்துவிட்டுத்தான் மிருதங்கத்தில் கைவைக்க விடுவார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் எல்லாரும் ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால் அதில் சரக்கு இருக்கத்தான் வேண்டும். வாத்தியத்தில் கைப்பழக்கம் முந்திக்கொள்ளும். விரல் எங்கே சுலபமாகப் போகிறதோ அங்கே இசையும் போய்விடும். வாய் அப்படி ஏமாற்றாது.

புல்லாங்குழல் மாலியும் (டி. ஆர். மகாலிங்கம், 1926–1986) கேட்டே வளர்ந்தவர். திருவிடைமருதூரில் மாமா நடத்திய இசை வகுப்பைக் காதில் வாங்கிக்கொண்டு தானாகக் குழலை எடுத்தவர், ஏழு வயதில் மேடை ஏறினார். வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் கொண்டுவர விரலடைப்பையும் ஊதும் முறையையும் மாற்றியவர் அவர். மேதைகளை உதாரணம் காட்டினால் “அவர்கள் மேதைகள்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும் அபாயம் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது மேதைமையை அல்ல, கற்ற வழியை.

காதால் கற்றால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் ஷினிச்சி சுசூகி (1898–1998) தாய்மொழி பழகுவதுபோலக் குழந்தைகள் கேட்டே வயலின் பழகும் முறையை உருவாக்கினார். உலகெங்கும் அது பரவியது. அந்த முறையில் தேறிய பிள்ளைகள் கேட்டதை அச்சு அசலாக வாசிப்பார்கள். ஆனால் புதிதாக ஒன்றை வாசிக்கச் சொல்லி அந்த முறை கேட்பதில்லை. கேட்காததால் அது வருவதும் இல்லை. நம் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

அப்படியானால் யார் கேட்டார்கள்? காவிரிக் கரையில் கோயில் கேட்டது. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி முடிந்து, நான்கு வீதியும் சுற்றி வரும் வரை நாகஸ்வரக்காரர் வாசித்தாக வேண்டும். பல்லக்கு எந்தத் திருப்பத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கிருதிக்கு முடிவு உண்டு, வீதிக்கு அது பொருந்தாது. ஆகவே ராகம். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி மணிக்கணக்கில் விரிந்ததற்குப் பின்னால் அவருடைய மேதைமை இருந்தது. மணிக்கணக்கில் விரிய இடம் கொடுத்த வீதியும் இருந்தது. அதற்கேற்ற வாத்தியமும் வந்து சேர்ந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாயனம், பழைய திமிரியைவிடச் சுருதி தாழ்ந்தது. கார்வை நின்று பேசும். சுத்த மத்தியமம் இடறாமல் ஒலிக்கும். அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குத்தான் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த மேளத்தில் ஒத்து ஊதிக்கொண்டு ஒரு பையன் நிற்பான். ஒரே ஒரு ஸ்வரத்தை மூச்சு விடாமல் பிடித்திருப்பது அவன் வேலை. இரவெல்லாம் ராகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது அவன் படிப்பு. பிறகு இரண்டாம் நாயனமாக உயர்ந்து, பெரியவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர வேண்டும். தவறினால் வீதியே பார்க்கும். சுருதிப்பெட்டி வந்ததும் ஒத்துக்காரர் தேவையில்லாமல் போனார். செலவு மிச்சம்தான். கூடவே ஒரு பள்ளிக்கூடமும் மூடப்பட்டது என்பதைக் கணக்கில் எழுதியவர் யாருமில்லை.

கச்சேரி மேடையில் அந்தப் பள்ளிக்கூடம் பக்கவாத்தியக்காரரின் இடம். பாடகர் ஒரு பிடி பாடும்போதே வயலின் அதை நிழலாகத் தொடர வேண்டும். அவர் ஆலாபனையை முடித்ததும் அதே ராகத்தில் தன் பங்கை வாசிக்க வேண்டும். ஸ்வரத்தில் அவர் வீசும் கணக்குக்குப் பொருத்தமான பதில் அடுத்த ஆவர்த்தனத்தில் விழ வேண்டும். லால்குடி ஜெயராமன் (1930–2013) பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராகத் தொடங்கினார். டி. என். கிருஷ்ணன் (1928–2020) அரியக்குடி ராமானுஜ அய்யங்காருக்கு வாசித்தார். பாலக்காடு மணி அய்யர் சிறு வயதிலேயே செம்பைக்கு மிருதங்கம் வாசித்தார். இவர்கள் தனித்தனியே மனோதர்ம வகுப்புக்குப் போனவர்கள் அல்ல. வாரம் சில இரவுகள் பெரியவர்களுக்கு உடனடிப் பதில் சொல்லிப் பழகியவர்கள். நம்மிடம் தலைசிறந்த வாத்தியக்காரர்கள் பலர் பக்கவாத்தியத்திலிருந்து வந்திருப்பது தற்செயல் அல்ல.

ஐரோப்பாவின் அனுபவம் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதி செய்கிறது. இன்று மேற்கத்திய சாஸ்திரீய இசை என்றால் எழுதியதை எழுதியபடி வாசிப்பது என்ற எண்ணம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை வேறு. நேப்பிள்ஸ் நகரில் அனாதைச் சிறுவர்களுக்காக ஏற்பட்ட இல்லங்கள் இசைப் பள்ளிகளாக வளர்ந்திருந்தன. அங்கே பையன்களிடம் கீழ் ஸ்வர வரி ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்து, மேலே வேண்டியதை அங்கேயே உண்டாக்கி வாசிக்கச் சொல்வார்கள். தினமும் இதுதான் பாடம். சிமரோசா போன்ற இசையமைப்பாளர்கள் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். 1747இல் பிரஷ்ய மன்னர் பிரெடரிக் கொடுத்த மெட்டின் மீது பாக் அங்கேயே ஒரு பல குரல் இசையை வாசித்துக்காட்டினார். 1803இல் பீத்தோவன் தன் மூன்றாம் பியானோ கன்செர்ட்டோவை வாசித்தபோது பக்கத்திலிருந்து தாள் புரட்டிய நண்பர், பல பக்கங்கள் ஏறக்குறைய வெறுமையாக இருந்ததைப் பார்த்து நடுங்கியதாக எழுதியிருக்கிறார். அதே பீத்தோவன் ஐந்தாவது கன்செர்ட்டோவில், வாசிப்பவர் வழக்கமாகக் கற்பனை செய்யும் இடத்தைத் தானே எழுதி நிரப்பி, இங்கே சொந்தச் சரக்கு வேண்டாம் என்று குறிப்பும் போட்டுவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுவான மேடைகளிலிருந்து கற்பனை வாசிப்பு ஏறக்குறைய மறைந்தது. அச்சிட்ட தாள், பரீட்சை, போட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மறையாமல் தங்கிய இடம் ஒன்று உண்டு: பிரெஞ்சுத் தேவாலயங்களின் ஆர்கன். பூசையில் பாதிரியார் எப்போது முடிப்பார், ஊர்வலம் எப்போது பீடத்தை அடையும் என்று தெரியாது. அதுவரை இசை ஓடியாக வேண்டும். பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஆர்கன் மாணவர்களுக்குக் கற்பனை வாசிப்பு பாடமாகத் தொடர்ந்ததற்கு இந்தத் தேவை பெரிய காரணம். நம் வீதிப் புறப்பாட்டுக்கும் பாரிஸ் தேவாலயத்துக்கும் உள்ள ஒற்றுமை இதுதான்.

மனோதர்மம் முழுக்க அந்த நொடியில் பிறப்பதா என்ற கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1959இல் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ இசைத்தட்டைப் பதிவு செய்தபோது அதன் வேகமாக மாறும் சுரக்கூட்டுகளில் வெள்ளமாகப் பாய்ந்தார். அடுத்து வாசித்த டாமி பிளனகன் தேர்ந்த பியானோ கலைஞர். அவரோ தடுமாறித் தடுமாறி வாசித்திருக்கிறார். இன்றும் அந்தத் தட்டில் அதைக் கேட்கலாம். கோல்ட்ரேன் அந்தப் பாதையில் நீண்ட காலம் சாதகம் செய்து வந்தவர், பிளனகனுக்கோ அது புதுப் பாதை. பின்னாளில் பிளனகன் அதே பாட்டை எடுத்துச் சரளமாக வாசித்துப் பதிவும் செய்தார். நம் கச்சேரிகளில் ஸ்வரத்தின் முடிவில் விழும் கோர்வைகளில் பல வீட்டிலேயே கணக்குப் பார்த்து வைத்தவை என்பது பக்கவாத்தியக்காரர் அனைவருக்கும் தெரியும். அதில் குற்றமில்லை. சர்வலகுவாக ஸ்வரம் ஓடவேண்டிய நேரம் முழுவதையும் கணக்கே விழுங்கினால்தான் கேட்பவருக்கு அலுப்பு. அண்மைக் காலத்தில் அது அடிக்கடி நடக்கிறது.

மூளை ஆராய்ச்சியும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. காது அறுவை மருத்துவரான சார்லஸ் லிம் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் சிறிய கீபோர்டு ஒன்றை வாசிக்கச் செய்தார்கள். மனப்பாடமானதை வாசிக்கும்போது இருந்ததைவிடக் கற்பனையாக வாசிக்கும்போது, தன்னைத்தானே கண்காணிப்பதோடு தொடர்புள்ள முன்மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. தன்னை வெளிப்படுத்துவதோடு தொடர்புள்ள நடுப்பகுதி முனைப்பாக இயங்கியது. இதைப் படித்துவிட்டுச் சிலர் “மனசை விட்டுவிடு, இசை வரும்” என்று பிரசங்கம் செய்கிறார்கள். அந்த ஆறு பேரும் தொழில்முறைக் கலைஞர்கள் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. விட்டுவிடுவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

பத்தாயிரம் மணி நேரக் கதையும் அப்படித்தான். ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர் ஆய்வில் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாக அந்த அளவு தனிச் சாதகம் செய்திருந்தார்கள். பின்னால் வந்த பிரபல நூல் ஒன்று அதை விதியாக்கிவிட்டது. எரிக்சனே அதை ஒப்பவில்லை. அந்த மாணவர்கள் பழகியது எழுதிய இசையை. எவ்வளவு நேரம் என்பதைவிட, அந்த நேரத்தில் எதைப் பழகினார்கள் என்பதே நமக்கு முக்கியம். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1937 கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை எடுத்துப் போய் ஒவ்வொரு தனி வாசிப்பையும் பாடம் செய்தார். அதற்கு முந்திய வருடம் கன்சாஸ் சிட்டி மேடையில் தடுமாறியவரை டிரம்ஸ்காரர் தாளத்தட்டை வீசித் துரத்தியிருந்தார். அவமானத்துக்கு மருந்தாகப் பார்க்கர் வெற்றுச் சாதகத்தைத் தேடவில்லை. நன்றாகக் கற்பனை செய்பவர் ஒருவரின் பாணியை நுணுகிப் பார்த்தார்.

வகுப்பறையில் இதைச் செய்ய முடியாதா? முடியும், செய்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆதி தாளத்தில் ஒரு பல்லவி எடுப்பைப் பிடித்துக்கொண்டு மோகனம் போன்ற ஐந்து ஸ்வர ராகத்தில் அரை ஆவர்த்தனம் கீழ்காலத்தில் ஸ்வரம் வாசித்து எடுப்புக்கு வரச் சொல்வார்கள். எடுப்பு எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறதோ அதற்கு இசைவான ஸ்வரத்தில் வந்து நிற்பது மட்டுமே முதல் விதி. அரை ஆவர்த்தனம் ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். மேல்காலம் அப்புறம். குறைப்பும் கோர்வையும் வெகு தூரத்தில். ஆலாபனையில் ஆசிரியர் ஒரு பிடி பாட, மாணவர் அதைத் திருப்பி வாசிக்க, அடுத்த முறை அதன் வாலை மட்டும் மாற்றி வாசிக்க வேண்டும். இதற்கு நூறு கிருதி தேவையில்லை. ஒரு ராகத்தில் ஒரு வர்ணமும் இரண்டு கிருதியும் நன்றாகப் பாடமாகியிருந்தால் போதும்.

இணைய வகுப்பில் ஒலி தாமதமாக வருவதால் குருவும் சீடரும் சேர்ந்து வாசிக்க வழியில்லை. அந்தக் குறையிலும் ஒரு லாபம் உண்டு. ஒருவர் நிறுத்தினால்தான் மற்றவர் தொடங்க முடியும். பிடிக்குப் பிடி பதில் சொல்லும் பயிற்சிக்கு அதுவே தோதான அமைப்பு. கடல் தாண்டிய மாணவர்களுக்குக் கிருதியை நோட்டேஷனாக அனுப்பி ஒப்புவிக்கச் சொல்வதைவிட இதற்கு அந்த நேரத்தைச் செலவிடலாம்.

பிள்ளையை வீணைக்கோ வயலினுக்கோ சேர்க்கப் போகும் பெற்றோர் வழக்கமாக ஆசிரியரிடம் கேட்பது, வர்ணம் எப்போது ஆரம்பிப்பீர்கள், அரங்கேற்றம் எந்த வருடம் என்பதைத்தான். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: நீங்கள் ஒரு பிடி பாட, பிள்ளை தன் சொந்தப் பதிலை வாசிப்பது எந்த வருடத்தில் தொடங்கும்? இரண்டாவது வருடம் என்று சொன்னால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். நூறு கிருதி முடியட்டும் என்றால் அடுத்த தெருவில் விசாரியுங்கள்.